பிரஷர் இருக்கிறவன் மல்லுக்கட்டலாமா?

கேள்வி, திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் | 9 பிப்ரவரி 2024

வயது 39. ஒன்றரை வருஷமாக ஜியு ஜிட்சு, மல்யுத்தம் மாதிரி தரையில் பிடி போடும் தற்காப்புக் கலை. போன வாரம் கம்பெனி மெடிக்கலில் 156/98, மறுநாள் 150/96. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வாக்கிங் போங்க, இந்தக் கட்டிப் பிடிச்சு உருள்றதெல்லாம் இனிமே வேண்டாம்" என்கிறார். எனக்கு வாக்கிங் ஒத்துவராது. மாத்திரை போடாமல், உருண்டு வியர்த்தே குறைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

10 பிப்ரவரி 2024

செய்தேன். குறையவில்லை.

எனக்கு 46. சிம்மக்கல் பக்கம் அச்சகம். அதாவது நாள் முழுக்க நிற்பது, கத்துவது, டீ. 2021-ல் முதல்முறை 158/100 என்று சொன்னபோது நீங்கள் சொல்லும் அதே வசனத்தை நானும் சொன்னேன். எட்டு மாதம் மாத்திரை இல்லாமல் உருண்டேன். எடை 91-லிருந்து 86-க்கு இறங்கியது. பிரஷரில் மேல் எண் 148 வரை வந்தது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அப்பாவுக்கும் இருந்தது, தாத்தாவுக்கும் இருந்திருக்கும், அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள். கடைசியில் டெல்மிசார்டான் 40 என்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரத்தில் 132/84.

உங்கள் டாக்டர் சொன்னதில் பாதி சரி. மேல் எண் 160-க்கு மேல் இருக்கும்வரை கடுமையான பயிற்சி வேண்டாம், முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்றுதான் ஐரோப்பிய இதயநோய் சங்கத்தின் 2020 விளையாட்டு வழிகாட்டியும் சொல்கிறது. "கட்டுக்குள் கொண்டுவா" என்பது வேறு, "இனிமேல் கிடையாது" என்பது வேறு. அவரிடம் திரும்பப் போய் என்ன விளையாட்டு, ஒரு ரவுண்டு எத்தனை நிமிஷம், வாரத்தில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள். என் டாக்டர் முதலில் கராத்தே என்று நினைத்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு வீடியோ காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுல யாரு ஜெயிக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி.

10 பிப்ரவரி 2024, இரவு

ஒரு விஷயம். நாங்கள் உருளும் விரிப்புக்கு மேட் (mat) என்று பெயர். "மேட்டில்" என்று எழுதினால் ஏதோ மண்மேட்டில் கிடந்து உருள்வது போல இருக்கிறது. இனி பாய் என்றே எழுதுகிறேன்.

18 பிப்ரவரி 2024

பிரஷர் ஏறுவது சண்டையால் இல்லை, மூச்சை அடக்குவதால். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

மவுண்டில் ஒருவன் மேலே உட்கார்ந்திருக்கிறான், 90 கிலோ. இடுப்பைத் தூக்கி அவனைப் புரட்டப் போகிறீர்கள். என்ன செய்வீர்கள்? பல்லைக் கடித்து, தொண்டையை மூடி, "ம்ம்ம்" என்று முக்குவீர்கள். மலச்சிக்கல்காரர் முக்குவது போலத்தான். வல்சால்வா என்ற இத்தாலிய உடற்கூறியலாளர் (1666–1723) பெயரில் மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும்போது ரத்த அழுத்தமும் சேர்ந்து எகிறும். இறுகிய தசை தனக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களை நசுக்குவது இன்னொரு பக்கம். பிறகு இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அழுத்தம் இறங்கும், மூச்சை விட்டதும் மறுபடி ஒரு எகிறு எகிறும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் தலை கிறுகிறுக்கிறது.

எவ்வளவு எகிறும்? 1985-ல் ஓர் ஆய்வு. ஐந்து பாடிபில்டர்கள், கை ரத்தக் குழாய்க்குள்ளேயே குழாய் செருகி அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350 தாண்டியது. அச்சுப்பிழை இல்லை. அவர்கள் இளவட்டம், ஆரோக்கியமான ஆட்கள், தாங்கினார்கள். ஏற்கெனவே 156-ல் நிற்பவன் அதற்கு மேல் இதை ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா சின்ன வயதில் குஸ்தி போட்டவர். செம்மண் கோதா, கர்லாக்கட்டை, ஐந்நூறு பஸ்கி என்று கதை விடுவார். அவர் தண்டால் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் "ஹூம்" என்று ஒரு சத்தம் வரும். கவுரவத்துக்குப் போடும் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சை வெளியே விடும் சத்தம் அது. யாரும் அவருக்கு விளக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள். "மூச்ச வுட்டுட்டுத் தள்ளுடா" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.

நான் இப்போது பாயில் செய்வது அதுதான். புரட்டும்போது வாயால் ஊதுகிறேன். பக்கவாட்டுப் பிடியில் நெஞ்சை அமுக்கி வைத்திருந்தால், வயிற்றால் சின்னச் சின்னதாக மூச்சு. முடியவில்லையா, தட்டிவிடு, தட்டினால் தோற்றேன், விடு என்று அர்த்தம். பையன்கள் என்னை "புஸ்ஸண்ணன்" என்கிறாய்ங்க. பரவாயில்லை.

3 மார்ச் 2024

நான்கு பேர் வீட்டு மெஷின் பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

கைப்பட்டையைப் பாருங்கள். என் மேல்கை 35 செ.மீ. கடையில் கொடுக்கும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 வரைதான். சின்னப் பட்டையைப் பெரிய கையில் இறுக்கிக் கட்டினால் அளவு கூடுதலாகவே காட்டும். ஒரே காலையில் சின்னப் பட்டையில் 151/95, பெரிய பட்டையில் 144/91. பிடி போட்டுப் பழகியவர்கள் எல்லோருக்கும் கை தடித்திருக்கும். ஒரு டேப் வைத்து அளந்துவிட்டுப் பிறகு பயப்படுங்கள்.

அப்புறம், பயிற்சி முடிந்து படி ஏறி வந்து, பைக் சாவியை வீசிவிட்டு, நின்றபடியே அளப்பது. அதெல்லாம் கணக்கில் வராது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில், கை நெஞ்சு உயரத்தில். அரைமணி முன்னால் டீ கூடாது, ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது, பேசக் கூடாது. எங்கள் வீட்டில் பேசாமல் ஐந்து நிமிஷம் என்பது காலை 5 மணிக்குத்தான் கிடைக்கும். வீட்டு அளவில் 135/85 தாண்டினாலே அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக் கணக்குக்குத்தான் 140/90.

9 மார்ச் 2024

சும்மா ஒரு சோதனை. ஆறு நிமிஷ ரவுண்டு முடிந்ததும் பாயோரத்திலேயே மெஷின் மாட்டினேன். முதல் தடவை எர்ரர். இரண்டாவது தடவை 166/88. ஐந்து நிமிஷத்தில் 138. முக்கால் மணி கழித்து வீட்டில் 119/76. பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் அழுத்தம் இறங்கியே இருக்கும், அது தெரிந்த விஷயம்தான். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் காலை அளந்தால் பழைய கதைதான். பிடிக்குள் இருக்கும்போது எகிறும் அந்த உச்சமும் இந்த மெஷினில் விழாது, நாம் பட்டையைக் கட்டி முடிப்பதற்குள் இறங்கிவிடும்.

24 ஏப்ரல் 2024

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். விடிய விடியக் கூட்டத்தில் நின்றேன். தூக்கம் இல்லை. இன்று சாயங்காலம் அதே உடம்போடு பாய்க்குப் போனேன், அறிவு இருந்தால் போயிருக்க மாட்டேன்.

மூன்றாவது ரவுண்டு முடிந்து கை கொடுக்க எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, காலை யாரோ தூக்கிப் பிடித்திருக்க, நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். மாஸ்டர் முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, யாரும் உங்க கழுத்தப் பிடிக்கலண்ணே" என்றான் கூட உருண்ட பையன். பாவம், அவன் பயம் அவனுக்கு.

பத்து நிமிஷம் கழித்துப் படுத்தபடி அளந்தது 96/60. இத்தனை நாள் கூடுகிறது கூடுகிறது என்று அழுதவன் நான்.

27 ஏப்ரல் 2024

டாக்டரைப் பார்த்தேன். கணக்கு இப்படி.

மார்ச் கடைசியில் என் மாத்திரையோடு நீர் பிரிய வைக்கும் மருந்து ஒன்றைச் சேர்த்திருந்தார். வெளியே வெயில் 40 டிகிரி, எங்கள் பயிற்சிக் கூடம் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. இதற்கெல்லாம் மேல் ஒன்று, அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை: தோள் வலிக்கு இரண்டு வாரமாக டைக்ளோஃபெனாக். கடையில் வாங்கினேன், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டெல்மிசார்டான் வகை மருந்து, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. நீர்ச்சத்து குறைந்திருந்தால் இன்னும் மோசம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.4 காட்டியது, எப்போதும் 1.0-தான். தனியாக எடுத்தாலும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் பிரஷரை ஏற்றும், மாத்திரை செய்யும் வேலையையும் கெடுக்கும். நம் ஆட்கள் இதைக் கடலைமிட்டாய் மாதிரி தின்கிறார்கள். விரல் வலி, முட்டி வலி, காது வீக்கம், எதற்கும் ஒன்று. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நீர் மாத்திரை நிறுத்தம். பதிலாக அம்லோடிபின். மூன்று வாரம் பாய் கிடையாது. அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். ஆமாம், வாக்கிங்.

28 ஏப்ரல் 2024

"ஓ.ஆர்.எஸ். குடித்திருந்தால் விழுந்திருக்க மாட்டீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஒரு தம்ளர் உதவியிருக்கலாம். ஆனால் தினமும் அதைப் பாட்டிலில் கலந்து வைத்துக்கொண்டு குடிப்பவர்கள் பாக்கெட்டைப் படியுங்கள். ஒரு லிட்டரில் சோடியம் மட்டுமே ஏறக்குறைய 1.7 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 2 கிராமுக்குள்தான், உப்பாகக் கணக்கிட்டால் 5 கிராம். வயிற்றுப்போக்குக்குச் செய்த பொருள் அது. நமக்குத் தண்ணீர், மோர். மோரிலும் கை தாராளமாகப் போகக் கூடாது. இளநீர் நல்லதுதான், ஆனால் டெல்மிசார்டான் எடுப்பவருக்குப் பொட்டாசியம் உடம்பில் தங்கும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் கேட்டுவிட்டுக் குடிக்கவும். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் இருப்பதும் பொட்டாசியம்தான்.

19 மே 2024

பிப்ரவரி 18 குறிப்பில் நான் எழுதியது பாதி தப்பு. அதை அப்படியே விட்டிருக்கிறேன், திருத்தம் இங்கே.

அசையாமல் இறுக்கிப் பிடிப்பதே கெட்டது என்ற தொனியில் எழுதிவிட்டேன். 2023-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 270 சோதனைகளைத் திரட்டி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. ஓட்டம், எடை தூக்குவது எல்லாவற்றையும்விட, அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சியே ஓய்வுநிலை ரத்த அழுத்தத்தை அதிகம் குறைக்கிறதாம். சராசரியாக மேல் எண்ணில் 8, கீழ் எண்ணில் 4. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலி மாதிரி உட்காருவது. இரண்டு நிமிஷம், ஓய்வு, நான்கு தடவை, வாரத்தில் மூன்று நாள். அளவாக, மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். ஆக, வில்லன் இறுக்கம் இல்லை. முழு பலத்தையும் போட்டு, மூச்சையும் சேர்த்து அடைப்பதுதான் வில்லன்.

அச்சகச் சுவரில் செய்கிறேன். முதல் நாள் கட்டிங் மெஷின் தம்பி, "முதலாளி, சேர் வேணுமா?" என்று கேட்டான். ஒரு வாரத்தில் அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு 24 வயது, நாலு நிமிஷம் சிரித்துக்கொண்டே இருக்கிறான், பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

2 ஜூன் 2024

மறுபடி பாய். நாலு நிமிஷ ரவுண்டு, நடுவில் ஒரு ரவுண்டு விட்டு. எழுவதற்கு முன் முட்டிபோட்டு இருபது எண்ணுகிறேன்.

கழுத்துப் பிடி பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கழுத்தின் இரண்டு பக்கமும், தாடைக்குக் கீழே, ரத்த அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் உணர்விடங்கள் இருக்கின்றன. சோக் (choke) என்கிற கழுத்து நெரிப்புப் பிடி அங்கேதான் விழுகிறது. உணர்விடம் அழுந்தினால், அழுத்தம் ஏறிவிட்டது என்று எண்ணி உடம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும். நாற்பது தாண்டிய, பல வருஷம் பிரஷரோடு இருந்த கழுத்துக் குழாயின் உள்சுவர் இருபது வயதுப் பையனுடையது போல வழவழப்பாக இருக்காது. சோக்குக்குப் பிறகு கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிது. ஆனாலும் "இன்னும் ரெண்டு செகண்ட் தாங்கிப் பார்ப்போம்" என்ற வீம்பு எனக்கு இப்போது இல்லை. கை கழுத்துக்குள் நுழைந்ததும் தட்டிவிடுகிறேன். தட்டிய பிறகும் ஒரு பக்கம் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, தாங்க முடியாத தலைவலி என்று இருந்தால் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

தலைகீழாகச் சுழன்று கார்டுக்கு, அதாவது எதிராளியைக் காலால் தடுக்கும் நிலைக்கு, திரும்பும் வித்தையையும் விட்டுவிட்டேன். தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும், சிரசாசனமும் அதே கதை. கண்ணை அரவிந்தில் காட்டினேன். சொட்டு மருந்து விட்டு விழித்திரை ரத்தக் குழாயைப் பார்த்தார்கள். பிரஷர் வருஷக்கணக்கில் என்ன செய்திருக்கிறது என்பது அங்கே நேராகத் தெரியுமாம். தப்பித்தேன். ஆனால் அன்று முழுக்க வெயிலைப் பார்க்க முடியவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

14 ஜூலை 2024

குறட்டை.

இது என் வீட்டுக்காரி சொல்லி நான் மூன்று வருஷம் கேட்காத விஷயம். தலையை ஊன்றி உடம்பை வளைத்துப் பாலம் போட்டு உருளும் ஆட்களுக்குக் கழுத்து தடிக்கும், என் சட்டைக் காலர் 17. ஆண்களுக்கு 17 அங்குலத்துக்கு மேல் கழுத்து, குறட்டை, பகலில் தூக்கம், மாத்திரை இரண்டு போட்டும் இறங்காத பிரஷர் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தார்கள். நிற்கிறது, லேசாக. எடையைக் குறை, மல்லாக்கப் படுக்காதே என்று இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள்.

பகலெல்லாம் மூச்சை அடக்காதே என்று இங்கே உபதேசம் செய்தவன் ராத்திரியெல்லாம் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

8 செப்டம்பர் 2024

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி, மாநிலப் போட்டிக்குப் போகிறவர், எந்த மாத்திரை தடை என்று கேட்கிறார். நீர் பிரிய வைக்கும் மருந்துகள் எல்லா விளையாட்டிலும், எல்லா நேரமும் தடை, ஊக்கமருந்தை மறைக்க உதவும் என்பதால். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் மாதிரி சிலவற்றில்தான் தடை, கை நடுங்காது என்று. மல்யுத்தத்துக்கும் ஜூடோவுக்கும் அது தடை இல்லை, ஆனால் நமக்கு வேறு தொல்லை. எங்கள் கூடத்தில் ஒருவருக்கு அந்த வகையில் மெட்டோப்ரோலால். எவ்வளவு முட்டினாலும் துடிப்பு 125 தாண்டாது, இரண்டாவது ரவுண்டில் பேட்டரி தீர்ந்த பொம்மை. டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொண்டார். தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாத மருந்து அது, பிரஷர் துள்ளி எழும். அம்லோடிபின் தடையில்லை, எனக்குக் கணுக்கால்தான் வீங்குகிறது. சாயங்காலம் சாக்ஸ் தடம் பள்ளமாகத் தெரியும்.

செலவு பற்றியும் அவர் கேட்டிருந்தார். அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, என் அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது.

27 அக்டோபர் 2024

அம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. மழை ஆரம்பித்ததும் இருமல், அம்மா அதிமதுரக் கஷாயம் போட்டார். பத்து நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. காலை அளவு 128-லிருந்து 141-க்குப் போனது. பாயைச் சந்தேகப்பட்டேன், உப்பைச் சந்தேகப்பட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்னாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். அதிமதுரம் உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும், தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும். நிறுத்தி இரண்டு வாரத்தில் பழையபடி. அம்மாவிடம் சொன்னதற்கு, "உங்க பெரியப்பா அதத்தான குடிச்சாரு" என்றார். பெரியப்பா பிரஷரை அளந்ததே இல்லையே அம்மா.

மூக்கடைப்பு மாத்திரைகளும் அப்படித்தான், அட்டையைத் திருப்பிப் படிக்கவும்.

19 ஜனவரி 2025

அலங்காநல்லூரில் அக்கா மகனோடு மூன்று நாள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மாடு பிடிக்க இறங்குகிறவனுக்கு உடல்தகுதி பார்த்துத்தான் பனியன் கொடுக்கிறார்கள். "மாமா, உங்களுக்குக் குடுக்க மாட்டாய்ங்க" என்றான். இந்த வார அளவைக் காட்டினேன்: 126/80, 124/78, 129/82. "மாட்டுக்கிட்ட காட்டுங்க" என்றான்.

திருமங்கலத்துக்காரர், இந்த இழையை ஆரம்பித்தவர், நேற்று எங்கள் கூடத்துக்கு வந்திருந்தார். மாத்திரை எடுக்கிறார். 130-க்குள் நிற்கிறதாம். வாக்கிங்கும் போகிறாராம், பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒரு ரவுண்டு உருண்டோம். எனக்கு மேலே படுத்து அமுக்கிக்கொண்டு காதுக்குள் "ஹூம், ஹூம்" என்று ஊதிக்கொண்டே இருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காலரைப் பிடித்தார்.

தட்டினேன்.

பெரிய கைப்பட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: மெஷின் கம்பெனியிலேயே தனியாக வாங்கலாம், 42 செ.மீ. வரை போகிற அளவு என்று கேளுங்கள். என்னுடையதில் ஒட்டுப்பட்டை தேய்ந்து நடுவில் படார் என்று பிரிகிறது, நானும் வாங்க வேண்டும்.